யாருக்கு யார் தெரிய வேண்டும்? பள்ளியின் பொது மின்னஞ்சல் பட்டியலைப் பிரித்துக் காட்ட ஒரு வழிகாட்டி

நான் மின்னஞ்சல் பொறுப்பைக் கவனித்துவந்த ஒரு பள்ளியில், எட்டாம் வகுப்பு அறிவியல் ஆசிரியைக்கு ஓர் இரவு பத்தரை மணிக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியது அவருடைய மாணவன். வீட்டுப்பாடத்தில் ஒரு சந்தேகம். மறுநாள் மாலை இன்னும் இரண்டு பேர் அழைத்தார்கள். "என் சொந்த எண்ணை எந்தப் பிள்ளைக்கும் நான் கொடுத்ததே இல்லையே சார்" என்று என்னிடம் வந்து நின்றார்.

அவர் சொன்னது உண்மைதான். எண்ணைக் கொடுத்தது எங்கள் முகவரிப் பட்டியல், அதாவது பள்ளி மின்னஞ்சல் கணக்கு உள்ள எல்லாருடைய பெயரும் மின்னஞ்சல் முகவரியும் இருக்கும் பட்டியல். அந்த மாணவன் ஜிமெயிலில் புதிய கடிதம் ஒன்றைத் திறந்து, பெறுநர் கட்டத்தில் ஆசிரியையின் பெயரில் முதல் மூன்று எழுத்துகளைத் தட்டியிருக்கிறான். பெயர் வந்தது. அதன்மேல் சுட்டியை நிறுத்தியதும் சிறிய அட்டை ஒன்று விரிந்தது. அதில் எண் இருந்தது. அந்தப் பையன் எந்தத் தவறும் செய்யவில்லை. கண்ணில் பட்டதைப் பயன்படுத்திக்கொண்டான், அவ்வளவுதான்.

தவறு நடந்த இடம் வேறு. கல்வியாண்டின் தொடக்கத்தில் எல்லாருடைய கணக்குகளையும் மொத்தமாக உருவாக்க ஒரு சி.எஸ்.வி. கோப்பை, அதாவது விவரங்களை அட்டவணையாக வைக்கும் கோப்பை, ஏற்றியிருந்தோம். கூகுள் தரும் மாதிரிக் கோப்பில் 'ரெக்கவரி ஃபோன்' என்று ஒரு பத்தி (நெடுவரிசை) உண்டு; சற்றுத் தள்ளி 'மொபைல் ஃபோன்' என்று இன்னொன்றும் உண்டு. கடவுச்சொல் மறந்தால் கணக்கை மீட்க உதவுவது முதல் பத்தி. அதில் இருக்கும் எண் பட்டியலில் வராது. இரண்டாவது பத்தியில் இடும் எண் அவரவர் சுயவிவரத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பட்டியலைப் பார்க்க முடிந்த எல்லாருக்கும் தெரியும். ஆசிரியர்களின் எண்கள் இரண்டாவது பத்தியில் ஏறியிருந்தன. கோப்பைச் சரிபார்த்தவன் நான்.

அன்றிலிருந்து எந்த நிறுவனத்தின் மின்னஞ்சலை அமைக்கப் போனாலும் இந்தப் பட்டியலில்தான் முதலில் கைவைக்கிறேன். புதிதாக இந்தப் பொறுப்புக்கு வருபவர்களுக்காக அந்த முறையை இங்கே எழுதுகிறேன். நிறுவனங்களுக்கான கூகுளின் மின்னஞ்சல், கோப்புச் சேவையான கூகுள் வொர்க்ஸ்பேஸ் பயன்படுத்தும் பள்ளியை எடுத்துக்கொள்கிறேன். அதுபோன்ற சேவையான மைக்ரோசாஃப்ட் 365 பயன்படுத்துவோருக்குப் பின்னால் தனியாக ஒரு பகுதி இருக்கிறது.

கணினியைத் திறப்பதற்கு முன்

ஒரு தாளை எடுத்துக் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாகப் பார்ப்பவர்கள்: மாணவர்கள், ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள், நிர்வாகம். மேலே இடமிருந்து வலமாகப் பார்க்கப்படுபவர்கள்: அதே நான்கு பேர்தான். ஒவ்வொரு கட்டத்திலும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று எழுதுங்கள். மாணவர்களுக்கு ஆசிரியர்கள் தெரிய வேண்டுமா? ஆம். மாணவர்களுக்கு மற்ற வகுப்பு மாணவர்கள் தெரிய வேண்டுமா? இல்லை. ஆசிரியர்களுக்கு மாணவர்கள்? ஆம். மாணவர்களுக்குக் கணக்கர்? இல்லை.

இந்தத் தாளைத் தலைமையாசிரியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். யார் யாரைப் பார்க்கலாம் என்பது தொழில்நுட்பக் கேள்வி என்று பலரும் நினைத்து, கணினி தெரிந்தவரிடம் தள்ளிவிடுகிறார்கள். அது பள்ளி எடுக்க வேண்டிய முடிவு. குழந்தைகள் இருக்கும் இடத்தில் இதன் கனம் இன்னும் கூடுதல். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லாரையும் குழந்தைகளாகவே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஒப்புதல் தந்த பெற்றோர் யாரும், தன் மகளின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் ஆயிரம் பேர் தட்டினால் வரும் என்று எண்ணித் தந்திருக்க மாட்டார்கள்.

தாளில் இருக்கும் இரண்டு பக்கங்களையும் மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். கூகுளில் பார்ப்பவர்களைத் தீர்மானிப்பது ஒன்று. பார்க்கப்படுபவர்களைத் தீர்மானிப்பது வேறொன்று. பார்ப்பவர்கள் 'ஆர்கனைசேஷனல் யூனிட்' எனப்படும் நிர்வாகப் பிரிவுகளால் வகுக்கப்படுகிறார்கள். பார்க்கப்படுபவர்கள் குழுக்களைக் கொண்டு வகுக்கப்படுகிறார்கள். புதியவர்கள் குழம்புவது பெரும்பாலும் இந்த ஒரே இடத்தில்தான்.

படி 1: பிரிவுகள்

எல்லா அதிகாரமும் கொண்ட சூப்பர் அட்மின் கணக்கில் நுழைந்து, நிர்வாகிகளுக்கான தளமாகிய அட்மின் கன்சோலின் இடப்பக்கப் பட்டியில் 'டைரக்டரி' என்பதைத் திறந்து, அதனுள் 'ஆர்கனைசேஷனல் யூனிட்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். மாணவர்கள், ஆசிரியர்கள், அலுவலகம் என்று தனித்தனிப் பிரிவுகளை உருவாக்குங்கள். மாணவர் பிரிவுக்குள் வகுப்புவாரியாக உட்பிரிவுகள் வைத்துக்கொள்ளலாம். மேல் பிரிவில் செய்யும் அமைப்பு உட்பிரிவுகளுக்குத் தானாக இறங்கும். வேண்டுமானால் உட்பிரிவில் மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு பயனர் ஒரே நேரத்தில் ஒரு பிரிவில்தான் இருக்க முடியும். குழுக்கள் அப்படியல்ல, ஒருவர் எத்தனை குழுவிலும் இருக்கலாம். பள்ளி அலுவலகத்திலும் வேலை பார்த்து, மாலையில் பாடமும் எடுக்கும் ஒருவர் இருந்தால், அவர் எதைப் பார்க்க வேண்டும் என்பதை வைத்துப் பிரிவைத் தேர்ந்தெடுங்கள். யாருக்குத் தெரிய வேண்டும் என்பதைக் குழுக்கள் பார்த்துக்கொள்ளும்.

எந்தப் பிரிவிலும் சேர்க்கப்படாதவர்கள் பிரிவுகளின் மரத்தில் உச்சியில் இருக்கும் பொதுப் பிரிவிலேயே தங்கிவிடுவார்கள். அவசரத்தில் உருவாக்கிய கணக்குகள் அங்கேதான் கிடக்கும். எல்லாவற்றையும் நகர்த்தி முடித்தபின் அந்த உச்சிப் பிரிவில் நேரடியாக யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

படி 2: குழுக்கள்

இனி, மாணவர்கள் பார்க்க வேண்டியவர்கள் அனைவரையும் கொண்ட ஒரு குழு வேண்டும். பாடம் எடுக்கும் ஆசிரியர்கள், தலைமையாசிரியர், நூலகர், ஆலோசகர். குழுவின் பெயரிலேயே அதன் வேலை தெரியட்டும்: 'மாணவர் பார்வைக்கு' என்பது போல. ஏற்கெனவே இருக்கும் 'அனைத்து ஊழியர்' குழுவை எடுத்துப் பயன்படுத்தத் தோன்றும்; செய்யாதீர்கள். அந்தக் குழுவில் நாளைக்கு யாரோ வாகன ஓட்டுநர்களையும் காவலாளியையும் சேர்ப்பார்கள். சேர்ப்பவருக்கு அது அறிவிப்பு அனுப்புவதற்கான குழு மட்டுமே. மாணவர்கள் பார்க்கும் பட்டியலும் கூடவே மாறியிருக்கும் என்பது அவருக்குத் தெரியாது. குழுவுக்குள் குழுவை வைக்காமல் ஆட்களை நேராகச் சேர்ப்பதும் நல்லது. யார் இருக்கிறார்கள் என்று ஒரே பார்வையில் எண்ணிவிடலாம்.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. கூகுளில் உருவாக்கும் ஒவ்வொரு குழுவும் ஒரு மின்னஞ்சல் முகவரியோடுதான் பிறக்கிறது. பட்டியலுக்காக மட்டுமே உருவாக்கினேன் என்று நீங்கள் நினைத்தாலும், அந்த முகவரிக்கு ஒருவர் கடிதம் அனுப்பினால் குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் போகும். எனவே குழுவின் அமைப்புகளைத் திறந்து இரண்டு வரிகளை உடனே கவனியுங்கள். 'ஹூ கேன் போஸ்ட்', அதாவது யார் எழுதலாம் என்பதை உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் மட்டும் என்று சுருக்குங்கள். 'ஹூ கேன் வியூ மெம்பர்ஸ்', அதாவது உறுப்பினர்களை யார் பார்க்கலாம் என்பதையும் அப்படியே சுருக்குங்கள். பட்டியலில் ஒருவரை மறைத்துவிட்டு, குழுவின் உறுப்பினர் பக்கத்தை நிறுவனம் முழுவதற்கும் திறந்துவைத்தால், முன்வாசலைப் பூட்டிக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்தது போலத்தான்.

குழு முகவரிகள் எல்லார் கண்ணிலும் படுவதால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய நிறுவனங்களே சாட்சி. 1997 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள், 'பெட்லம் டி.எல்.3' என்ற ஒரு குழு முகவரியில் சுமார் 13,000 பேர் அவர்கள் அறியாமலே சேர்க்கப்பட்டிருந்தார்கள். அதைக் கவனித்த ஒருவர், என்னை நீக்குங்கள் என்று அந்தக் குழு முகவரிக்கே எழுதினார். என்னையும் நீக்குங்கள் என்று மற்றவர்கள் பதில் எழுதினார்கள். ஒவ்வொரு பதிலும் 13,000 பெட்டிகளுக்குப் போனதில் மின்னஞ்சல் சர்வர்கள் திணறிப்போயின. எட்டாம் வகுப்பில் அறுபது பிள்ளைகள் ஒரு குழு முகவரியைக் கண்டுபிடித்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எந்தக் கற்பனையும் தேவையில்லை.

படி 3: தனிப் பட்டியலை உருவாக்கிப் பிரிவோடு இணைப்பது

'டைரக்டரி' என்பதன் கீழே 'டைரக்டரி செட்டிங்ஸ்' என்ற பக்கம் இருக்கிறது. முதலில் 'ஷேரிங் செட்டிங்ஸ்' பகுதியில் 'கான்டாக்ட் ஷேரிங்' இயங்கு நிலையில் இருக்க வேண்டும். சிலர் பாதுகாப்பு என்று கருதி இதையே அணைத்துவிடுகிறார்கள். அணைத்தால் யாருக்கும் யாரும் தெரியமாட்டார்கள். ஆசிரியர்கள் மாணவர்களின் முகவரியை நோட்டில் எழுதிவைத்துக்கொள்ள ஆரம்பிப்பார்கள். பிறகு நோட்டைப் பாதுகாக்கும் கவலை.

அதே பக்கத்தில் 'விசிபிலிட்டி செட்டிங்ஸ்' பகுதி இருக்கிறது. நீங்கள் தாளில் போட்ட கட்டம் இங்கேதான் உயிர்பெறுகிறது. முதலில் ஒரு கஸ்டம் டைரக்டரியை, அதாவது தனிப் பட்டியலை உருவாக்கி, படி 2இல் செய்த குழுவை அதில் சேர்த்துச் சேமியுங்கள். பிறகு மாணவர் பிரிவைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பிரிவில் இருப்பவர்கள் நிறுவனத்தின் எல்லாப் பயனர்களையும் பார்க்கலாமா, யாரையும் பார்க்கக் கூடாதா, ஒரு தனிப் பட்டியலில் உள்ளவர்களை மட்டும் பார்க்கலாமா என்று மூன்று தெரிவுகள் வரும். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் உருவாக்கிய பட்டியலைச் சுட்டிச் சேமியுங்கள். ஆசிரியர் பிரிவுக்குப் போய், எல்லாரையும் பார்க்கலாம் என்பதை அப்படியே விட்டுவிடுங்கள்.

பிரிவின் பெயரைச் சொடுக்கிவிட்டோமா என்பதை ஒவ்வொரு முறையும் திரையின் இடப்பக்கத்தில் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே சேமிக்கும் பொத்தானைத் தொடுங்கள். உச்சிப் பிரிவு தேர்வாகியிருக்கும்போது சேமித்துவிட்டால் அது பள்ளி முழுவதற்கும் இறங்கிவிடும். தலைமையாசிரியர் கடிதம் எழுத உட்காரும்போது ஒரு பெயரும் வராது.

படி 4: பெயர் தெரியலாம், எண் தெரிய வேண்டுமா?

என் அனுபவத்தில் அதிகப் பாதிப்பைத் தருவது இந்த இடம். மேலே சொன்ன ஆசிரியையை மாணவர்கள் பார்க்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. சிக்கல் அவருடைய அட்டையில் என்ன இருந்தது என்பதில்தான்.

ஒரு பயனரின் பக்கத்தைத் திறந்து 'யூசர் இன்ஃபர்மேஷன்' பகுதிக்குப் போனால், தொலைபேசி, வீட்டு முகவரி முதலிய புலங்கள் இருக்கும். இவற்றில் நிர்வாகி எதை நிரப்பினாலும் அது அவருடைய சுயவிவரத்தின் பகுதியாகிவிடும். சொந்த எண்ணும் வீட்டு முகவரியும் இங்கே வரவே கூடாது. பள்ளியின் பொதுத் தொலைபேசி எண்ணும் உள் இணைப்பு எண்ணும் போதும்.

அலுவலகத்துக்குச் சொந்த எண் தேவைப்படும் என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. 'யூசர்ஸ்' பக்கத்தின் மேலே 'மோர் ஆப்ஷன்ஸ்' என்பதைத் திறந்து 'மேனேஜ் கஸ்டம் அட்ரிபியூட்ஸ்' என்பதற்குப் போங்கள். புதிய புலம் ஒன்றை உருவாக்கும்போது, அது நிறுவனம் முழுவதற்கும் தெரியலாமா, அந்தப் பயனருக்கும் நிர்வாகிக்கும் மட்டும் தெரியலாமா என்று கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து எண்ணை அங்கே வையுங்கள். இரத்த வகை, அவசரத் தொடர்பு எண் போன்றவற்றுக்கும் இதுதான் இடம்.

பயனர்கள் தாங்களே தங்கள் சுயவிவரத்தில் பிறந்தநாள், படம் போன்றவற்றை மாற்றலாமா என்பதும் டைரக்டரி செட்டிங்ஸ் பக்கத்திலேயே இருக்கிறது. மாணவர்களுக்கு இதை அணைத்துவையுங்கள்.

படி 5: ஒருவரை மட்டும் மறைப்பது

பட்டியலில் இருக்கவே தேவையில்லாத கணக்குகள் சில உண்டு: அச்சுப்பொறி ஸ்கேன் செய்து அனுப்பும் கணக்கு, காப்புப்பிரதிக் கணக்கு, சூப்பர் அட்மின் கணக்கு. இவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, யூசர் இன்ஃபர்மேஷன் பகுதியில் 'டைரக்டரி ஷேரிங்' என்பதை அணைத்தால் போதும். சூப்பர் அட்மின் கணக்கின் முகவரி பட்டியலில் தெரிவது, கடவுச்சொல்லைக் கேட்டு ஏமாற்றும் கடிதம் எழுத நினைப்பவருக்கு வழிகாட்டுவது போல ஆகும்.

தொல்லைக்கு ஆளான மாணவி ஒருத்தியின் பெயரை மறைக்க வேண்டிய நிலை வரலாம். அப்போதும் இதே பொத்தான்தான். ஆனால் அந்த மாணவியிடமும் பெற்றோரிடமும், இது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை நேரில் சொல்லிவிடுங்கள்.

மறைப்பது வேறு, தடுப்பது வேறு

இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் பொய்யான நிம்மதியைத் தரும். பட்டியலில் மறைப்பது ஒருவரைத் தேடிக் கண்டுபிடிப்பதைத்தான் நிறுத்துகிறது. முகவரியை ஏற்கெனவே அறிந்தவர் எழுதினால் கடிதம் போய்ச் சேரும். முன்பு ஒருமுறை கடிதம் எழுதிய முகவரிகளை ஜிமெயில் நினைவில் வைத்திருக்கும். அவை தட்டும்போது தொடர்ந்து வரும். மாணவர் முகவரிகளைச் சேர்க்கை எண்ணை வைத்து உருவாக்கியிருந்தால், தன் எண்ணுக்கு அடுத்த எண்ணைத் தட்டிப் பார்க்க ஒரு குழந்தைக்கு எந்தப் பட்டியலும் வேண்டாம். கூகுள் கிளாஸ்ரூமின் 'பீப்பிள்' பக்கத்தில் சக மாணவர்களின் பெயர்கள் இருக்கும்.

கடிதமே போகாமல் தடுக்க வேண்டுமானால் அதற்கு ஜிமெயிலின் தனி விதிகள் இருக்கின்றன. அட்மின் கன்சோலில் ஜிமெயில் அமைப்புகளுக்குள் 'கம்ப்ளையன்ஸ்' பகுதியில் 'ரெஸ்ட்ரிக்ட் டெலிவரி' என்ற விதியைக் கொண்டு, மாணவர் பிரிவு எந்த முகவரிகளோடும் தளங்களோடும் கடிதம் பரிமாறலாம் என்று வரையறுக்கலாம்.

வெளியார் செயலிகளும் இந்தப் பட்டியலைப் படிக்கக்கூடியவை. தேர்வு நடத்தும் செயலி, நூலகச் செயலி என்று பள்ளிக் கணக்கால் நுழையும் எதையும் நினைத்துப் பாருங்கள். ஷேரிங் செட்டிங்ஸ் பகுதியில் 'எக்ஸ்டர்னல் டைரக்டரி ஷேரிங்' என்ற இடத்தில், அவற்றுக்கு எவ்வளவு தரவு காட்டலாம் என்பதைச் சுருக்கலாம். சுருக்கிய பிறகு அந்தச் செயலிகள் ஒழுங்காக இயங்குகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோசாஃப்ட் 365 பயன்படுத்துவோருக்கு

ஒருவருடைய அஞ்சல் பெட்டியை மட்டும் மறைப்பது இங்கும் எளிது. மைக்ரோசாஃப்ட்டின் மின்னஞ்சல் மென்பொருளான எக்ஸ்சேஞ்சின் அட்மின் சென்டரில் அந்தப் பெட்டியின் பக்கத்தைத் திறந்து, பொது முகவரிப் பட்டியலிலிருந்து மறைக்கும் பொத்தானை இயக்கினால் போதும். பள்ளியில் உள்ள ஆக்டிவ் டைரக்டரி (பயனர் கணக்குகளை வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) சர்வரிலிருந்து கணக்குகள் ஒத்திசைக்கப்படுகின்றன என்றால், மாற்றத்தை அந்தச் சர்வரில்தான் செய்ய வேண்டும்.

பிரிவு பிரிவாகக் காட்டுவதற்கு 'அட்ரஸ் புக் பாலிசி' என்ற வழி இருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் 2010இன் இரண்டாம் சர்வீஸ் பேக்கோடு, அதாவது மேம்படுத்தல் தொகுப்போடு, வந்தது இது. ஒரு பாலிசிக்குள் நான்கு பொருள்கள் இருக்க வேண்டும்: ஒரு பொதுப் பட்டியல், கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளும் ஓர் ஆஃப்லைன் பட்டியல், கூட்ட அறைகளின் பட்டியல், ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட முகவரிப் பட்டியல்கள். அறைகளே இல்லாத பள்ளியானாலும் வெற்றான அறைப் பட்டியல் ஒன்றை வைத்தாக வேண்டும். ஒரு பயனருக்கு ஒரே பாலிசிதான்.

இதைத் தொடங்குமுன் 'அட்ரஸ் லிஸ்ட்ஸ்' என்ற பொறுப்பை உங்கள் நிர்வாகக் கணக்குக்கு ஒதுக்குங்கள். மைக்ரோசாஃப்ட் 365இல் வரும் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் இது இயல்பாக யாருக்கும் தரப்பட்டிருக்காது; தராமல் ஆரம்பித்தால், கட்டளைகளைத் தட்டி இயக்கும் பவர்ஷெல்லில் கட்டளையே இல்லை என்று செய்தி வரும், புதியவர்கள் தட்டெழுத்துப் பிழை என்று நினைத்து மணிக்கணக்கில் தேடுவார்கள். யாரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்பதை வகுக்க, துறை, ஊர் போன்ற புலங்களைப் பயன்படுத்தாமல் 1 முதல் 15 வரை எண்ணிட்ட கஸ்டம் அட்ரிபியூட் புலங்களில் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். துறைப் பெயரை யாராவது நல்லெண்ணத்தோடு திருத்தும் நாளில் பட்டியல் உடைந்துவிடாமல் இருக்கும்.

இன்னொன்றையும் தெரிந்து வையுங்கள். எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் புதிய முகவரிப் பட்டியலை உருவாக்கியவுடன் ஏற்கெனவே இருக்கும் பயனர்கள் அதில் தாமாக வந்து சேர மாட்டார்கள். ஒவ்வொருவருடைய கணக்கிலும் ஏதாவது ஒரு புலத்தை மாற்றிச் சேமித்தால்தான் பட்டியல் அவர்களைக் கண்டுகொள்ளும். கஸ்டம் அட்ரிபியூட்டைப் பட்டியல் உருவாக்கிய பிறகு நிரப்பினால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். இந்த வரிசை தெரியாமல், காலியான பட்டியலைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் அழித்து மறுபடி தொடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அட்ரஸ் புக் பாலிசி தோற்றத்தளவில்தான் பயனர்களைப் பிரிக்கிறது, சட்டப்படியான பிரிப்பாக அதைக் கொள்ளக் கூடாது என்று மைக்ரோசாஃப்ட்டே தன் ஆவணத்தில் எழுதியிருக்கிறது. மேலே சொன்ன மறைத்தல், தடுத்தல் வேறுபாடு இங்கும் அப்படியே பொருந்தும்.

படி 6: மாணவரின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள்

நிர்வாகிக்கு எல்லாம் தெரியும் என்பதால், நிர்வாகியின் கணக்கிலிருந்து சோதிப்பதில் பயனில்லை. மாணவர் பிரிவுக்குள் ஒரு சோதனைக் கணக்கை உருவாக்கி நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதுவே பட்டியலில் தெரியாதபடி டைரக்டரி ஷேரிங்கை அணைத்துவிடுங்கள்.

கூகுளில் மாற்றம் பரவ 24 மணி நேரம் வரை ஆகலாம். அவுட்லுக்கை மேசைக் கணினியில் வைத்திருப்பவர்களுக்கு, இறக்கி வைத்திருக்கும் பட்டியல் நாளுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். சேமித்த ஐந்தாவது நிமிடம் பழைய பெயர்கள் தெரிகின்றன என்று பதறி அமைப்புகளை மாற்ற வேண்டாம். ஒரு நாள் விட்டு, உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் சோதனைக் கணக்கால் நுழையுங்கள்.

முதலில் கூகுள் கான்டாக்ட்ஸ் பக்கத்தைத் திறந்து இடப்பக்கம் உள்ள டைரக்டரியைச் சொடுக்கி, பெயர்களை எண்ணிப் பாருங்கள். குழுவில் 42 பேர் இருந்தால் இங்கும் 42 வர வேண்டும். அடுத்து ஜிமெயிலில் புதிய கடிதத்தில், பள்ளியில் அதிகம் பேருக்கு இருக்கும் பெயர்களின் முதல் இரண்டு எழுத்துகளைத் தட்டுங்கள். மாணவர் யாராவது வருகிறார்களா? காலெண்டரில் விருந்தினரைச் சேர்க்கும் கட்டத்திலும், டிரைவில் ஒரு கோப்பைப் பகிரும் கட்டத்திலும் அதையே செய்யுங்கள். கடைசியாக, ஓர் ஆசிரியரின் பெயர்மேல் சுட்டியை நிறுத்தி, விரியும் அட்டையை வரிவரியாகப் படியுங்கள்.

அந்த அட்டையைத் திரைப்பிடிப்பாகப் படம் எடுத்து, தேதியிட்டு, கையெழுத்து வாங்கிய தாளோடு சேர்த்து வையுங்கள். ஜூன் மாதம் வகுப்புகள் மாறும்போதும், புதிய சி.எஸ்.வி. கோப்பு ஒவ்வொரு முறை ஏறும்போதும், சோதனைக் கணக்கால் நுழைந்து அதே அட்டையை மறுபடி திறந்து, பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.